வாட்ஸ்அப்பில் போன ஒரு பக்கமும், திரும்பி வந்த ஒரு மனுவும்

கேள்வி: வணக்கம் மேடம். டல்லஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் பத்தாம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். போன மாதம் மகள் மிடில் ஸ்கூல் லைப்ரரியிலிருந்து ஒரு கிராஃபிக் நாவல் எடுத்து வந்தாள். அதில் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்க்கிற படமா அது? போட்டோ எடுத்துத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு அனுப்பினேன். அது எங்கள் பகுதி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், இப்போது ஒரு மனுவாகத் திரும்பி வந்திருக்கிறது. "நீங்கள்தானே ஆரம்பித்தீர்கள், முதல் கையெழுத்து உங்களுடையதுதான்" என்கிறார்கள். வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்கிறார். நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். "நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்பது அவர் வாதம். நடுவில் மகன் வேறு. அவனுடைய இங்கிலீஷ் வகுப்பில் படிக்க இருந்த நாவலை ஆசிரியை பாதியில் நிறுத்திவிட்டாராம். "நீ கையெழுத்துப் போட்டால், எங்கள் வகுப்புக்கு நடந்ததை நீயும் இன்னொரு வகுப்புக்குச் செய்கிறாய்" என்று சொல்லி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சட்டம் என்னதான் சொல்கிறது? நான் கையெழுத்துப் போடலாமா? மனுவையும் அந்தப் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டெக்சஸ் பள்ளி நூலகங்களில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் ஏழு வருடம் மிடில் ஸ்கூலில். நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தை முன்பே படித்தும் இருக்கிறேன். என் பொறுப்பில் இருந்திருந்தால் அதை மிடில் ஸ்கூல் அலமாரியில் வைத்திருக்க மாட்டேன், ஹைஸ்கூலில் வைத்திருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கீழே நான் எழுதப்போவதையெல்லாம் "லைப்ரரிக்காரி லைப்ரரிக்காகத்தானே பேசுவாள்" என்று தள்ளிவிடத் தோன்றும்.

அடுத்தது மனு. அதை இரண்டு முறை படித்தேன். அதில் உங்கள் மகள் எடுத்து வந்த புத்தகத்தின் பெயரே இல்லை. கவனித்தீர்களா?

அந்த மனு கேட்பது வேறொன்று. உங்கள் பள்ளி மாவட்டம் ஒரு நூலக ஆலோசனைக் குழுவை அமைக்க வேண்டும் என்று கேட்கிறது. 2025-இல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்.பி. 13 என்ற சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் 50 பேரோ, பத்தில் ஒரு பங்கோ, இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், மாவட்டம் குழு அமைத்தே ஆக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் ஊர் மாதிரிப் பெரிய மாவட்டத்தில் அது 50 பேர்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கும் இடத்தில் 50 பேர் என்பது ஒரு பொங்கல் விழாப் பந்தியில் பாதி. அப்படி அமையும் குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருப்பார்கள், பெரும்பான்மை பெற்றோராக இருக்க வேண்டும், நியமிப்பது ஸ்கூல் போர்டு, அதாவது மாவட்டத்தை நடத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம். நூலகம் எந்தப் புத்தகத்தை வாங்கலாம், எதை எடுக்கலாம் என்று போர்டுக்குப் பரிந்துரை சொல்வது அவர்கள் வேலை. அந்த அதிகாரம் ஒரு புத்தகத்தோடு நிற்காது. மாவட்டத்தின் எல்லாப் பள்ளிக்கும், உங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும், அது இருக்கும்.

குறிப்பிட்ட ஒரு புத்தகத்தை எதிர்ப்பதற்கு வேறு வழி இருக்கிறது. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. மாவட்டத்தில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் யாரும் கொடுக்கலாம், அங்கே வேலை பார்ப்பவரும் வசிப்பவரும்கூடக் கொடுக்கலாம். ஒருவர் கொடுத்தாலே போதும், 50 பேர் தேவையில்லை. ஆனால் படிவம் போய்ச் சேர்ந்தவுடன், முடிவு தெரியும்வரை அந்தப் புத்தகம் எந்த மாணவர் கைக்கும் போகக் கூடாது என்று எஸ்.பி. 13 சொல்கிறது. தீர்ப்பு பிறகுதான், காவல் முதலில். இது எனக்குப் பிடிக்காத விதி. குறைந்தபட்சம், படிவம் கொடுப்பவர் முழுப் புத்தகத்தையும் படித்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நீங்கள் படித்தீர்களா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் "அதில் ஒரு பக்கம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கிராஃபிக் நாவலில் இது ஒரு பெரிய சிக்கல். எழுத்தில் நான்கு வரியில் கடந்துபோகும் ஒரு காட்சி, படமாக வரும்போது பக்கம் முழுக்க நிற்கும். போட்டோ எடுத்து அனுப்பவும் வசதி. முன்னும் பின்னும் இருக்கும் இருநூறு பக்கம் போனில் வராது. கதையில் வரும் பெண்ணுக்கு அந்தக் காட்சியில் நடந்தது அநியாயம் என்றுதான் அந்தக் கதை சொல்கிறது. அதை அவள் யாரிடம் எப்படிச் சொன்னாள் என்பதுதான் மீதிப் புத்தகம். பன்னிரண்டு வயதுக்கு அது கனம்தான். ஆனால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்வதுபோல அசிங்கத்துக்காக எழுதிய புத்தகம் இல்லை.

சட்டம் இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். 2021 அக்டோபரில் மேட் கிராஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் சுமார் 850 புத்தகங்களின் பட்டியலைப் பள்ளி மாவட்டங்களுக்கு அனுப்பி, இவற்றில் எதெல்லாம் உங்களிடம் இருக்கிறது, எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டார். நூலகர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்த மாதம் அது. 2023-இல் எச்.பி. 900 வந்தது. கொண்டுவந்தவர் உங்களுக்குப் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவின் பிரதிநிதி ஜாரெட் பேட்டர்சன். பள்ளிக்குப் புத்தகம் விற்கும் கடைக்காரரே ஒவ்வொரு புத்தகத்துக்கும் "பாலியல் வெளிப்படையானது", "பாலியல் தொடர்புடையது" என்று முத்திரை குத்தித் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் உள்ள புத்தகக் கடைகள் வழக்குப் போட்டன. கடைக்காரர் வாயில் அரசு தன் வார்த்தையைத் திணிக்க முடியாது என்று சொல்லி டெக்சஸ் வழக்குகள் போகும் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பகுதிக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த தடையை 2024 ஜனவரியில் உறுதி செய்தது. ஆனால் பள்ளி நூலகங்களுக்கு மாநிலம் தரநிலை வகுக்கும் பகுதி நின்றது. அதில் ஒரு நல்ல விதியும் இருக்கிறது, யாரும் அதைப் பேசுவதில்லை: ஒரு புத்தகத்திலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவோ, எழுதியவர் அல்லது கதைமாந்தர் இன்ன பின்னணி என்பதற்காகவோ மட்டும் அதை நீக்கக் கூடாது.

பிறகு எஸ்.பி. 13. நூலகம் வாங்கவிருக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் பட்டியலையும் 30 நாள் முன்பே பொதுவில் வெளியிட்டு, அப்புறம் ஸ்கூல் போர்டு ஓட்டெடுப்பில் ஒப்புதல் தர வேண்டும். பிள்ளைகள் ஆவலோடு கேட்கும் தொடர்கதையின் அடுத்த பாகமும், தவளையைப் பற்றிய படப் புத்தகமும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். "அநாகரிகமான உள்ளடக்கம்", "ஆபாசப் பேச்சுள்ள உள்ளடக்கம்" இரண்டையும் நூலகத்தில் வைக்கக் கூடாது என்கிறது சட்டம். இரண்டாவதற்கு அது தரும் விளக்கம், பொதுத் தொல்லை என்று கருதத்தக்க அளவுக்கு அருவருப்பான மொழி. பொதுத் தொல்லை! சாலையில் குப்பை கொட்டுவதற்கும் நள்ளிரவில் ஸ்பீக்கர் வைப்பதற்கும் சொல்லும் சொல். ஒரு நாவலில் கோபக்கார அண்ணன் பேசும் வசவு எந்த எண்ணிக்கையில் பொதுத் தொல்லை ஆகும்? சட்டம் எழுதியவர்கள் அதைச் சொல்லவில்லை. போர்டுகளும் நூலகர்களும் ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல் தளர்வாக இருந்தால், பயந்தவர்கள் இறுக்கமாகத்தான் படிப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத கெல்லர் பள்ளி மாவட்டத்தில் 2022 ஆகஸ்டில், முன்பு புகார் வந்த 41 புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள். அதில் பைபிளும் இருந்தது, ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பின் கிராஃபிக் வடிவமும் இருந்தது. யூட்டா மாநிலத்தில் 2022-இல் வந்த சட்டத்தால் எரிச்சலடைந்த ஒருவர், இதே அளவுகோலில் பைபிளையும் பாருங்கள் என்று புகார் கொடுத்தார். டேவிஸ் மாவட்டம் 2023-இல் நிஜமாகவே பைபிளைக் கீழ்வகுப்புப் பள்ளிகளிலிருந்து எடுத்தது, எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களிலேயே திருப்பி வைத்தது. அயோவாவில் "பாலியல் செயல்" பற்றிய விவரிப்பு உள்ள புத்தகமே பள்ளியில் கூடாது என்று 2023-இல் சட்டம் வந்தபோது, மேசன் சிட்டி பள்ளி அதிகாரிகள் படிக்க நேரமில்லாமல் சாட்ஜிபிடியிடம் கேட்டு 19 புத்தகங்களை எடுத்தார்கள். ஃபுளோரிடாவின் மனாட்டி கவுண்டியில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறை அலமாரிகளைக் காகிதம் ஒட்டி மூடினார்கள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வேலை போய்விடுமோ, வழக்கு வருமோ என்று பயந்தவர்கள்.

நானும் பயந்திருக்கிறேன். மாவட்டத்தின் பெயர் வேண்டாம். ஒரு வருடம் மேலிடத்திலிருந்து வந்த பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலமாரி அலமாரியாகத் தேடி, நாலு அட்டைப்பெட்டி நிரப்பி, பின்னறையில் வைத்துப் பூட்டினேன். அவற்றில் பாதியை நானே வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்திருந்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பெட்டிகள் என்ன ஆயின என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு விஷயத்தில் மனுக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. புத்தகத்தை எடுத்தாலே அது தடை, பாவம் என்று என் தொழில்காரர்களில் சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. நூலகர்கள் வருடா வருடம் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். களையெடுப்பு என்றே அதற்குப் பெயர். அதற்கான கையேட்டை 1976-இலேயே உருவாக்கி நாட்டுக்குக் கொடுத்தது இதே டெக்சஸ்தான். கிழிந்தது, காலாவதியானது, யாரும் தொடாதது, வயதுக்குப் பொருந்தாதது எல்லாம் போகும். பதிப்பகத்தார் "இளையோர்" என்று போடும் ஒரே லேபிளில் பன்னிரண்டு வயதும் பதினெட்டு வயதும் அடங்கிவிடுகிறது. அதை நம்பி மொத்தமாக ஆர்டர் போடும்போது, ஹைஸ்கூலுக்குப் போக வேண்டியது மிடில் ஸ்கூலுக்கு வந்துவிடும். உங்கள் மகள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வயது பார்த்துக் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லையே. திருக்குறளில் 1330 குறள் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். நீங்களும் நானும் பள்ளியில் மனப்பாடம் செய்ததில் காமத்துப்பாலின் 250-லிருந்து எத்தனை இருந்தன? 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை திருக்குறளைப் பாடமாக்கச் சொன்னபோதும் அறத்துப்பால், பொருட்பால் இரண்டிலுமுள்ள 108 அதிகாரங்களைத்தான் குறிப்பிட்டது. அதற்காகக் காமத்துப்பாலை யாரும் நூலகத்திலிருந்து எடுக்கவில்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அது உரையோடு கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. எட்டாம் வகுப்பில் எடுத்துப் படித்தேன், ஒன்றும் புரியவில்லை, வைத்துவிட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் கட்டாயமாகப் பாடம் நடத்துவது ஒன்று, அலமாரியில் வேண்டியவர் எடுக்கக் கிடப்பது வேறொன்று. உங்கள் வீட்டில் மகள் பிரச்சினையும் மகன் பிரச்சினையும் பிரிகிற இடமும் இதுதான்.

முதலில் மகள். அவளுக்காக மட்டும் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். நூலகத்தின் பட்டியலை நீங்கள் பார்க்கலாம். என் மகளுக்கு இன்னின்ன புத்தகம் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், மாவட்டம் அதை ஏற்க வேண்டும். மாவட்டம் இணையவழிப் பாட வசதி வைத்திருந்தால், அவள் என்ன புத்தகம் எடுத்தாள், யார் எழுதியது, எந்த வகை, எப்போது திருப்ப வேண்டும் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கலாம். எல்லாம் எஸ்.பி. 13 தருவதுதான். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுவே. என் பிள்ளைக்கு நான் முடிவு செய்கிறேன், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவள் அம்மா முடிவு செய்யட்டும்.

ஒன்று மட்டும். எடுத்த புத்தக விவரத்தை வாரா வாரம் வாங்கிப் பார்க்கும் வேலையை யோசித்துச் செய்யுங்கள். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்த பிள்ளை நூலகத்தில் எடுப்பதை நிறுத்தும், படிப்பதை நிறுத்தாது. தோழியின் பையிலிருந்து வாங்கும், போனில் தேடும். பாடப் புத்தகத்துக்குள் வாரப் பத்திரிகையை ஒளித்துப் படித்த தலைமுறை நாம், நமக்குத் தெரியாததா? என்னிடம் வந்த பிள்ளைகளில் வீட்டில் கேட்க முடியாததைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் தேடியவர்கள் உண்டு. மாமா முறை உள்ள ஒருவரைப் பற்றி ஒரு பெண் கடைசியில் வாய்திறந்தது, நீங்கள் அனுப்பியது போன்ற ஒரு கதையைப் படித்த பிறகுதான். அதற்கு மேல் அதை எழுத எனக்கு உரிமையில்லை.

அடுத்து மகன். அவன் விஷயம் வகுப்பறைப் பாடம். இங்கே ஓடுவது வேறு சட்டம். டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 26-ஆம் அத்தியாயம் பெற்றோர் உரிமை பற்றியது. பிள்ளைக்கு நடத்தும் எல்லாப் பாடப் பொருளையும் பார்வையிட உங்களுக்கு அதில் உரிமை உண்டு. ஒரு பாடம் உங்கள் மத நம்பிக்கைக்கோ ஒழுக்க நம்பிக்கைக்கோ முரணாக இருந்தால், எழுத்தில் கொடுத்துப் பிள்ளையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ளலாம். தேர்வைத் தவிர்க்கவோ, ஒரு பருவம் முழுக்க வகுப்பைத் தவிர்க்கவோ அதைப் பயன்படுத்த முடியாது. நாடு முழுக்க இந்தப் பக்கம் இன்னும் வலுத்திருக்கிறது. மேரிலாந்தின் மான்ட்கொமரி கவுண்டியில் ஆரம்பப் பள்ளிக் கதைப் புத்தகங்கள் தொடர்பாக முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் போட்ட வழக்கில், மத நம்பிக்கை உள்ள பெற்றோர் அந்தப் பாடங்களிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள வழிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் 6-க்கு 3 என்று சொன்னது. அந்தத் தீர்ப்பும் சொல்வது உங்கள் பிள்ளையை விலக்குவது பற்றி. வகுப்பில் மற்றவர்கள் அதைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

அந்த ஆசிரியை ஏன் நிறுத்தினார்? யாராவது புகார் கொடுத்தார்களா என்று மகனிடம் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. சிறுவர்களுக்குத் தீங்கான பொருளைக் கொடுப்பது டெக்சஸில் குற்றம். கல்வி நோக்கத்துக்காகக் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முன்பு அதில் ஒரு தற்காப்பு இருந்தது. எஸ்.பி. 412 என்ற சட்டம் 2025-இல் அதை எடுத்துவிட்டது. இத்தனைக்கும் "தீங்கான பொருள்" என்பதற்கு உள்ள வரையறை கடுமையானது. முழுமையாகப் பார்க்கும்போது காம இச்சையைத் தூண்டுவதே முதன்மையாக இருந்து, சிறுவர்களுக்கு எந்தச் சமூகப் பயனும் இல்லாததாக இருந்தால்தான் அதில் வரும். பத்தாம் வகுப்பில் காலங்காலமாக நடத்தும் நாவல் எதுவும் அதில் சிக்காது. ஆனால் ஓர் ஆசிரியைக்கு அதைச் சொல்ல மாவட்ட வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். பாதியில் நிறுத்தினால் நிம்மதி. நீங்கள் ஒரு மின்னஞ்சல் எழுதலாம்: "என் மகன் இந்த நாவலைப் படித்து முடிக்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, வீட்டில் வாங்கித் தருகிறோம், முடித்ததும் பேச நேரம் தருவீர்களா?" இப்படி நாலு பெற்றோர் எழுதினால் அந்த அம்மாவுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் தெரியுமா? ஆட்சேபக் கடிதம் எனக்குக் கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. இந்த மாதிரிக் கடிதம் பதினெட்டு வருடத்தில் மூன்று.

உங்கள் மகன் அரசியல் சட்டம் பேசுகிறவன் என்றால் 1982-ஆம் வருடத்து வழக்கைச் சொல்வான். நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து சில புத்தகங்களை எடுத்தபோது, ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவரும் நண்பர்களும் வழக்குப் போட்டார்கள். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் எழுதினார். அதை அப்படியே நம்பி அவன் டெக்சஸில் வழக்குப் போட முடியாது. பிரென்னன் எழுதியதற்கு முழுப் பெரும்பான்மை இல்லை. லானோ கவுண்டிப் பொது நூலக வழக்கில் ஐந்தாம் வட்ட நீதிமன்றம் 2025 மே மாதம் 10-க்கு 7 என்ற கணக்கில், நூலகம் எதை வைத்துக்கொள்கிறது என்பதில் வாசகர் உரிமை கோர முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக இங்கே கோர்ட்டை நம்பிப் பிரயோஜனம் குறைவு. போர்டு கூட்டம்தான் இடம்.

உங்கள் வீட்டுக்காரர் பயம் எனக்குப் புரிகிறது. நான் விசா வக்கீல் இல்லை. அந்தக் கேள்விக்கு உங்கள் குடியேற்ற வக்கீலையே கேளுங்கள். பள்ளிப் பக்கம் மட்டும் சொல்கிறேன். நான் மேலே சொன்ன உரிமை எல்லாம் பெற்றோர் என்பதற்காக வருவது, குடிமகள் என்பதற்காக இல்லை. குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே டெக்சஸின் டைலர் மாவட்டத்தில் தொடங்கியதுதான், அதுவும் 1982. போர்டு தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் கூட்டத்தில் பேசலாம், எழுதலாம், குழுவில் உட்காரவும் கேட்கலாம். ஆனால் ஒன்று, மனுவும் புகார்ப் படிவமும் மாவட்டத்தின் ஆவணம் ஆகிவிடும். நாளை ஒரு பத்திரிகைக்காரர் கேட்டு வாங்கலாம். பெயர் வெளியே வந்தால் எனக்குப் பரவாயில்லை என்று தோன்றினால் மட்டும் போடுங்கள். "நீங்கள்தானே ஆரம்பித்தீர்கள்" என்ற வார்த்தைக்காகப் போடாதீர்கள். நீங்கள் ஆரம்பித்தது மனுவை இல்லை, ஒரு போட்டோ அனுப்பினீர்கள், அவ்வளவுதான்.

சரி, போடலாமா கூடாதா? நானாக இருந்தால் இந்த மனுவில் போட மாட்டேன். உங்களுக்கு வேண்டியது ஒரு புத்தகம் ஒரு மாடி ஏற வேண்டும் என்பது. அவர்கள் கேட்பது கட்டடத்தின் சாவி. அந்தக் குழுவில் நாளை யார் உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நம் பண்டிகையைப் பற்றிய படப் புத்தகத்தில் சிலை வணக்கம் இருக்கிறது என்று ஒருவர் எழுந்தால், அதுவும் ஒரு பெற்றோரின் ஆட்சேபம்தான். அங்கே அதிகாரம் பட்டியல் போடுகிறவர்களிடம் இருக்கும்.

அதற்குப் பதில் முதலில் புத்தகத்தை முடியுங்கள், ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். முடித்தபிறகும் இதே கருத்து இருந்தால், பள்ளி நூலகருக்கு நேராக எழுதுங்கள். தலைப்பு, பக்கம், உங்கள் மகளின் வகுப்பு, "இதை ஹைஸ்கூல் நூலகத்துக்கு மாற்றிப் பரிசீலிப்பீர்களா?" போதும். படிவம், புகார் என்ற சொல்லே வேண்டாம். என்னிடம் அப்படி வந்த கடிதங்களில் பாதிக்கு நான் அன்றே புத்தகத்தை மாற்றி, நன்றி சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன். இப்போது நூலகருக்கு அவ்வளவு சுதந்திரம் இல்லாமல் இருக்கலாம், மேலே கேட்டுத்தான் செய்வார்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்தத் தனிப் படிவத்தைக் கொடுங்கள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

குழுவிலுள்ள அம்மாக்களிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உண்மையில் கஷ்டம் என்று தெரிகிறது. "நான் நூலகருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன்" என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தப் பக்கத்தின் போட்டோவை மட்டும் குழுவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கைக்குப் போகக் கூடாது என்கிற படம் இப்போது எத்தனை அம்மாக்களின் போனில் இருக்கிறது, அந்தப் போன்கள் எத்தனை பிள்ளைகளின் கையில் இருக்கின்றன?

உங்கள் கடிதத்தில் ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. மகள் அதைப் படித்தாளா? அந்தப் பக்கத்தைப் பற்றி அவள் என்ன சொன்னாள்? புத்தகத்தைப் பிடுங்கி உங்கள் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்னும் வைத்திருந்தால், திருப்பித் தரும் தேதி முடிவதற்குள் அவளோடு உட்கார்ந்து ஒரு தடவை புரட்டிவிடுங்கள். தேதி தாண்டினால் அபராதம் அவள் பெயரில்தான் ஏறும்.